கைக்கடிகாரம் போட்ட கணக்கு

என் அறைக்கு வந்து உட்கார்ந்ததும் அந்த 45 வயதுப் பெண் கையை நீட்டினார். நாடி பார்ப்பதற்காக அல்ல, கடிகாரத்தைக் காட்டுவதற்காக. "டாக்டர், மெதுவாகத்தான் ஓடுகிறேன். ஆனாலும் இது நான்காம் மண்டலம், கடினமான பயிற்சி என்றே சொல்கிறது. இதயத்தில் ஏதாவது கோளாறா?"

இதயத்துடிப்பின் வேகத்தை வைத்துப் பயிற்சியின் கடுமையை ஐந்து மண்டலங்களாகப் பிரித்துக் காட்டும் கடிகாரம் அது. ஓடும்போது துடிப்பு நிமிடத்துக்கு 143 வரை போகிறதாம். மூச்சு வாங்குகிறதா என்று கேட்டேன். தோழியிடம் வீட்டுக் கதை பேசிக்கொண்டேதான் ஓடுவாராம். அப்போதே எனக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. பயம் தெளிய வேண்டுமே என்று டிரெட்மில் பரிசோதனையும் செய்தோம். ஈசிஜியில் குறையில்லை. உச்சத்தில் அவர் துடிப்பு 191-ஐத் தொட்டது. கடிகாரமோ 175-தான் அவருடைய உச்சம் என்று வைத்திருந்தது.

அந்த 175 எங்கிருந்து வந்தது? 220-இலிருந்து வயதைக் கழித்தால் கிடைக்கும். 1971-இல் ஆய்வாளர் ஃபாக்ஸும் அவருடைய சகாக்களும், அதற்கு முன் வெளியான பல ஆய்வுகளின் தரவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்துக் குத்துமதிப்பாகச் சொன்ன கணக்கு அது. பெருங்கூட்டத்தின் சராசரியாக அதை ஏற்கலாம். தனி மனிதரிடம் வந்தால் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு 10 துடிப்புக்கு மேல் தவறிவிடும், கூடவோ குறையவோ. 2001-இல் ஆய்வாளர் தனாகா குழுவினர் தந்த சூத்திரம் (வயதை 0.7-ஆல் பெருக்கி 208-இலிருந்து கழிப்பது) வயதானவர்களுக்குக் கொஞ்சம் நெருக்கமாக வருகிறது. 60 வயதில் பழைய கணக்கு 160 என்றால் இது 166 என்கிறது. 40 வயதில் இரண்டுமே 180-தான். எதுவானாலும் ஊகம் ஊகமே.

அந்த ஊகத்தின் மேல்தான் ஐந்து மண்டலங்களையும் கடிகாரம் கட்டுகிறது. பெரும்பாலான கடிகாரங்களில் உச்சத்தின் 50 விழுக்காட்டில் முதல் மண்டலம் தொடங்கும், பத்துப் பத்தாக ஏறும். 175-க்கு 80 விழுக்காடு 140. அதனால் அவருடைய 143 நான்காம் மண்டலத்தில் விழுந்தது. உண்மையான உச்சமான 191-ஐ வைத்தால் அதே 143 மூன்றாம் மண்டலத்துக்கு இறங்குகிறது. இன்னொரு வழியும் உண்டு. 1957-இல் பின்லாந்து ஆய்வாளர் கார்வோனன் காட்டிய வழி அது: உச்சத்திலிருந்து ஓய்வுநிலைத் துடிப்பைக் கழித்து, மிஞ்சுவதில் விழுக்காடு பார்த்து, ஓய்வுத் துடிப்பை மறுபடி கூட்டுவது. இவருக்கு ஓய்வில் 58. மிஞ்சுவது 133. இரண்டாம் மண்டலம் 138-இலிருந்து 151 வரை என்று வருகிறது. 143 அதற்குள் அடங்கிவிட்டது.

ஒரே பெண், ஒரே ஓட்டம், ஒரே 143. அமைப்பை மாற்ற மாற்ற நான்கு, மூன்று, இரண்டு. எது சரி என்பதை அவர் வாய் ஏற்கெனவே சொல்லிவிட்டது. முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் பயிற்சி இலகுவானது. நாலைந்து சொல்லுக்கு ஒருமுறை மூச்சு இழுத்தால் நடுத்தரத்தைத் தாண்டிவிட்டீர்கள். ஒற்றைச் சொல்லே சிரமம் என்றால் உச்சத்தை நெருங்குகிறீர்கள். எண்ணும் பேச்சும் முரண்பட்டால் நான் பேச்சின் பக்கம்தான் நிற்பேன்.

எனவே கடிகாரத்தில் முதலில் உங்கள் பிறந்த ஆண்டு சரியா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், பெட்டியிலிருந்து எடுத்தபோது இருந்த ஆண்டையே மாற்றாமல் மாதக்கணக்கில் ஓடியவர்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்து ஓய்வுநிலைத் துடிப்பு. காலையில் விழித்ததும், எழுவதற்கு முன், மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். நான்கைந்து நாள் எண்ணிச் சராசரி எடுத்தால் போதும். பிறகு இதயத்துடிப்பு மண்டலங்களுக்கான அமைப்பில் தானியங்கிக் கணக்கை அணைத்துவிட்டு, உங்கள் எண்களை நீங்களே இடுங்கள்.

உச்சத் துடிப்பில்தான் எச்சரிக்கை தேவை. நன்கு பழகிய, நோயற்ற ஓட்டக்காரர்கள் உடலைச் சூடேற்றிய பின் மேட்டில் இரண்டு மூன்று முறை முழு வேகத்தில் ஓடி, எட்டிய உச்சத்தைக் குறித்துக்கொள்ளலாம். சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம், நெஞ்சுவலி இவற்றில் ஏதேனும் உள்ளவர்களும், பல வருடம் சும்மா இருந்துவிட்டுத் தொடங்குபவர்களும் இதைத் தனியாகச் செய்து பார்க்கவே கூடாது. மருத்துவரின் கண்காணிப்பில் செய்ய வேண்டிய சோதனை இது. மணிக்கட்டு உணரி காட்டும் உச்சத்தையும் அப்படியே நம்பாதீர்கள். அது பச்சை ஒளியைத் தோலுக்குள் செலுத்தி ரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தைப் படிக்கிறது. பட்டை தளர்ந்திருந்தால் சில நேரம் இதயத்துக்குப் பதிலாகக் காலடிகளை எண்ணத் தொடங்கிவிடும். பட்டையை மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, நழுவாதபடி கட்டுங்கள். மார்புப் பட்டை இதயத்தின் மின்துடிப்பையே படிப்பதால் வேகப் பயிற்சியில் அதுவே மேல்.

இதைவிட முக்கியமானது மாத்திரை. மெட்டோப்ரோலால், அட்டெனோலால், பிசோப்ரோலால் போன்ற பீட்டா பிளாக்கர்கள் துடிப்பு ஏறுவதையே கட்டுப்படுத்துபவை. இந்த மாத்திரை சாப்பிடும் 60 வயதுக்காரர் ஒருவர், மூன்றாம் மண்டலம் தொடங்கும் 112-ஐத் தொட்டே தீருவது என்று வேகத்தைக் கூட்டிக்கொண்டே போய், 104-இலேயே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். மாத்திரை தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. ஒற்றைத் தலைவலிக்கும் கை நடுக்கத்துக்கும் ப்ரோப்ரனலால் சாப்பிடுபவர்கள் பலருக்கு அதுவும் இந்த வகையைச் சேர்ந்தது என்பதே தெரிவதில்லை. டில்டியாசெம், வெராபமில் இரண்டும் துடிப்பைக் குறைப்பவைதான். துடிப்பு ஒழுங்கற்று இருப்பவர்களுக்கும் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும்கூட இந்த மண்டலங்கள் பொருந்தாமல் போகலாம்.

இப்படிப்பட்டவர்களுக்கு, எவ்வளவு சிரமமாக உணர்கிறோம் என்பதை எண்ணால் சொல்லும் போர்க் அளவுகோலைச் சொல்லிக்கொடுப்பேன். சுவீடன் நாட்டு உளவியலாளர் குன்னார் போர்க் வகுத்தது. 6 என்றால் சும்மா இருப்பது, 20 என்றால் இனி ஓரடிகூட முடியாது. தலைசுற்றியவருக்கு 11 முதல் 13 வரை போதும் என்று சொல்லி, கடிகாரத்தின் மண்டல எச்சரிக்கையை அங்கேயே அணைக்கச் செய்தேன். அடுத்த முறை வந்தபோது, எத்தனை அடி நடந்தேன் பாருங்கள் என்று அதே கடிகாரத்தை நீட்டினார்.