கடை பூட்டிய பிறகு வரும் வட்ஸ்அப்புக்கு ஓ.டி. உண்டா?

புறக்கோட்டையில் கடை ஏழு மணிக்குப் பூட்டினாலும் வட்ஸ்அப் பூட்டுவதில்லை. யாழ்ப்பாணத்து வியாபாரியின் ஓர்டர், விடியக் காலை லொறியில் ஏற்ற வேண்டிய சாமான் பட்டியல், "தம்பி, ஸ்டொக் எவ்வளவு கிடக்கு எண்டு பார்த்துச் சொல்லும்" என்று முதலாளியின் குரல்பதிவு. போன் தம்பியுடையது, டேட்டாவும் அவர் காசு.

கொழும்பில் கடைகளிலும் அலுவலகங்களிலும் சம்பளத்துக்கு இருக்கும் பெரும்பாலானோருக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் பொருந்தும். சாப்பாட்டு நேரம் நீங்கலாக நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45. அதற்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்குச் சம்பளம்; அதுதான் ஓ.டி. அந்த மேலதிக வேலையும் கிழமைக்கு 12 மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது. (உயர் நிர்வாகப் பதவிக்காரருக்கு ஓ.டி. கணக்கு வேறு.)

1954இல் எழுதிய சட்டத்தில் வட்ஸ்அப்பைத் தேடிப் பயனில்லை. என் அபிப்பிராயம் இதுதான்: இரவில் ஒரு "சரி சேர்" அனுப்பியதற்கு ஓ.டி. கேட்டால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். முதலாளி சொல்லி, ஒன்பதிலிருந்து பத்தரை வரை இன்வொய்ஸ் சரிபார்த்தால் அது வேலைதான். வீட்டுக் கட்டிலில் இருந்து செய்தாலும் வேலைதான்.

சிக்கல் அதை நிரூபிப்பதில். இலத்திரனியல் செய்திக்கும் சட்டப் பெறுமதி உண்டென்று 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. ஆகவே, வேலை சொன்ன செய்தியையும் முடித்து அனுப்பிய பதிலையும் அழிக்காதீர்கள். தானாக மறையும் செய்தி வசதி போட்டிருந்தால், மறைய முன் சேமித்து வையுங்கள். ஸ்கிரீன்ஷொட் மட்டும் போதாது. திகதி, நேரத்தோடு முழு உரையாடலும் போனிலேயே இருப்பது நல்லது.

கம்பனி மின்னஞ்சலைச் சொந்த போனில் போடும்போது இன்னொரு விஷயம். அனுமதி கேட்டு ஒரு திரை வரும்; நாம் வாசிக்காமலே "ஓகே" அமத்துவோம். போன் தொலைந்தால் தூரத்திலிருந்தே அழிக்கும் அதிகாரத்தைச் சில கம்பனிகள் அங்கேதான் வாங்கிக்கொள்கின்றன. அன்ட்ரொயிட்டில் வேலைக்கென்று தனிப் பகுதி பிரித்துத் தந்தால் அழிவது அந்தப் பகுதி மட்டும்தான். முழு போனும் அவர்கள் கட்டுப்பாட்டில் என்றால் பிள்ளையின் பிறந்தநாள் படங்களும் சேர்ந்து போகும். எது என்று ஐ.டி. பிரிவிடம் முதலே கேளுங்கள், பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள்.

வேலையை விட்ட பிறகு பழைய பாஸ்வேர்ட் இன்னும் வேலை செய்கிறதா என்று நுழைந்து பார்க்க வேண்டாம். அனுமதியில்லாத நுழைவு 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி குற்றம். உங்கள் போனை உங்களைக் கேட்காமல் கிண்டுபவருக்கும் அதே சட்டம்தான்.

வேலைக்கென்று, ஏற்கெனவே ஒருவர் பாவித்த போன் வாங்குகிறீர்களா? *#06# அழுத்தினால் போனின் அடையாள எண்ணான 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. வரும்; IMEI என்று எழுதி, இடைவெளி விட்டு அந்த எண்ணைப் போட்டு 1909க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பி, தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில் பதிவான போனா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

சம்பள நிலுவைக்கு முறையிடும் இடம் தொழில் திணைக்களம்; தலைமையகம் நாரஹேன்பிட்டியில். போகும்போது நியமனக் கடிதமும் சம்பளச் சீட்டுகளும், எந்த நாள் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று கையால் எழுதிய ஒரு பட்டியலும் கொண்டுபோங்கள். போனை சார்ஜ் பண்ணிக்கொண்டு போக மறக்க வேண்டாம்.