நடிக்க சான்ஸ் என்று பணம் கேட்டால்

கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் பெரிய வீடுகளில் ஷூட்டிங் நடப்பது எல்லோருக்கும் தெரியும். அதைக் காட்டித்தான் பணம் பறிக்கிறார்கள். "ஆச்சி, அடுத்த மாசம் இங்கேயே எடுக்கிறோம், பேரனுக்கு நல்ல ரோல். ஆல்பத்துக்கு மட்டும் பணம் கட்டிருங்க." நகையை அடகு வைத்துக் கட்டிவிட்டு, பிறகு வீட்டில் சொல்ல முடியாமல் தவிப்பவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

மாடலிங், சினிமா ஏஜென்சிகள் இவ்வளவுதான் வாங்கலாம் என்று வரம்பு வைக்கும் தனிச் சட்டம் நமக்கு இல்லை. மோசடிக்கான பாரதிய நியாய சன்ஹிதா 318-ம் பிரிவையும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தையும் வைத்துத்தான் போராட வேண்டும்.

முதல் பொறி ரசீது. "வாய்ப்புக் கட்டணம்" என்று எழுத மாட்டார்கள். "போட்டோ ஷூட்", "பயிற்சி", "ரிஜிஸ்ட்ரேஷன்" என்றுதான் இருக்கும். நாளைக்குக் கேட்டால், போட்டோ எடுத்துக் கொடுத்தோமே என்பார்கள். ஆகவே சான்ஸ் தருவதாகச் சொன்னதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். ரொக்கமாகக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஆன்லைனில் ஏமாந்திருந்தால் அன்றைக்கே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் செய்யுங்கள். தாமதித்தால் பணம் கை மாறிவிடும்.

ஸ்டேஷனில், "ஆபீஸ் சென்னையில இருக்கு, அங்க போய்க் கொடுங்க" என்று அனுப்பப் பார்ப்பார்கள். போகாதீர்கள். குற்றம் எந்த ஊரில் நடந்திருந்தாலும் இங்கேயே எஃப்ஐஆர் போடலாம். குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. புகார் வந்தது என்பதற்கு மட்டும் தரும் சிஎஸ்ஆர் ரசீதைக் கையில் கொடுத்து அனுப்பினால் வேலை முடிந்தது என்று திரும்பிவிட வேண்டாம், அது எஃப்ஐஆர் ஆகாது. எஃப்ஐஆர் நகலை இலவசமாகத் தந்தாக வேண்டும். எஃப்ஐஆர் போட மறுத்தால் அதே புகாரை எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

பணம் திரும்ப வேண்டுமென்றால் நுகர்வோர் ஆணையம். ஏஜென்சி எங்கிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், காரைக்குடிக்காரர்களுக்கு சிவகங்கை. கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணமே கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. ஆனால் 2 வருடக் கெடு உண்டு. "இதோ அடுத்த படம்" என்று அவர்கள் இழுத்தடிப்பது பெரும்பாலும் அந்தக் கெடுவைத் தாண்ட வைக்கத்தான்.

14 வயதுக்குட்பட்ட பிள்ளை என்றால் ஒரே கேள்வி போதும்: "கலெக்டர் அனுமதி எங்கே?" ஷூட்டிங் நடக்கும் மாவட்டத்தின் கலெக்டரிடம் தயாரிப்பாளர்தான் அதை வாங்க வேண்டும். நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் பிள்ளையை வேலை வாங்கக் கூடாது. சம்பளத்தில் 20 சதவீதமாவது பிள்ளை பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புத்தொகையாகப் போட வேண்டியதும் அவர்கள் பொறுப்பு. அனுமதிக் கடிதத்தைக் காட்டாதவரிடம் பிள்ளையின் போட்டோவைக்கூடக் கொடுக்காதீர்கள்.