கணினிப் பட்டா வந்துவிட்டது. பழைய பிரமாணத்தைப் பத்திரப்படுத்துங்கள்

குமரி மாவட்டத்தின் கேரள எல்லைப் பகுதியில் சொத்து வழக்குகளை நடத்திவரும் வழக்கறிஞர் என்ற முறையில், அண்மைக் காலமாக ஒரு போக்கைக் கவலையோடு கவனித்து வருகிறேன். பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்ள முடிவதால், பரணில் கிடக்கும் மலையாளப் பிரமாணங்கள், அதாவது பழைய சொத்துப் பத்திரங்கள், இனி எதற்கு என்று பலர் எண்ணத் தொடங்கிவிட்டனர். கரையான் அரித்ததென்று எரித்துவிட்டவர்களும் உண்டு.

எழுதிவைக்கும் முறை மாறும்போதெல்லாம், யாருடைய சொல் செல்லும் என்பதும் மாறியிருக்கிறது. குமரிப் பகுதி அன்று சேர்ந்திருந்த திருவிதாங்கூர் அரசில் கணக்குகள் நெடுங்காலம் ஓலையில்தான் இருந்தன. பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் ஓலைச் சுருணைகள் (சுருட்டி வைத்த ஓலைப் பதிவுகள்) இன்றும் கேரள ஆவணக் காப்பகத்தில் உள்ளன. ஓலையைப் படிக்கத் தெரிந்த கணக்கர் கையில் அன்று அதிகாரம் இருந்தது. முத்திரைத்தாளும் பதிவு அலுவலகமும் வந்தபின், ஊர்ப் பெரியவரின் வாய்ச்சொல்லுக்கு இருந்த மதிப்பு பதிவுப் புத்தகத்துக்குப் போயிற்று.

ஆவணம் எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சமூகமும் தீர்மானித்தது. நாயர் குடும்பங்களிலும் நாஞ்சில் நாட்டு வேளாளரிடமும் தாய்வழியில் வாரிசுரிமை செல்லும் மருமக்கள் வழி நடப்பில் இருந்தபோது, சொத்து குடும்பத்துக்கு உரியது, குடும்பத்தின் மூத்த ஆணான காரணவர் அதை நிர்வகிப்பவர் மட்டுமே. ஆகவே, அக்காலப் பிரமாணங்களில் ஒருவரை அடையாளம் காட்டுபவை வீட்டுப்பெயரும் தாய்வழி உறவும்தான். 1925-இல் நாயர் சட்டமும் 1926-இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டமும் வந்து குடும்பச் சொத்தைப் பிரிக்க வழிவிட்டபின் பாகப்பிரிவினைகள் பெருகின. இன்றைய பட்டாவிலோ தந்தை அல்லது கணவர் பெயருக்குத்தான் இடமுண்டு. தாய்மாமன் நிர்வகித்த நிலம் இந்தப் படிவத்துக்குள் வரும்போது, யார் வழியாக யாருக்கு வந்தது என்ற தொடர்ச்சி அறுந்துபோகிறது. அதை மீட்டுத் தரும் வலு பழைய காகிதத்துக்கே இருக்கிறது.

1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. ஆட்சிமொழி மாறியது; பத்திரங்கள் மலையாளத்திலேயே நின்றன. பின்னர் நடந்த மறு அளவையில் சர்வே எண்களும் மாறின.

தேதியிலும் கவனம் வேண்டும். பழைய பிரமாணங்களில் மலையாள நாட்காட்டியான கொல்லம் ஆண்டே இருக்கும். 'கொல்லம் 1109 மீனம்' என்றிருந்தால் அது 1934 மார்ச், ஏப்ரல். கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறப்பதால் ஆங்கில ஆண்டைப் பெற டிசம்பர் வரை 824-உம், ஜனவரி முதல் 825-உம் கூட்ட வேண்டும். ஓராண்டு பிசகினால், பதிவு அலுவலகத்தில் தேட வேண்டிய புத்தகமே மாறிவிடும்.

பட்டா வருவாய்த்துறைப் பதிவு. அதனால் மட்டும் உரிமை வந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை கூறியிருக்கிறது. பிரமாணம் தொலைந்திருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய பதிவுப் புத்தகங்களைக் கையால் புரட்டித் தேடும் கைத்தேடலுக்கு மனுக் கொடுத்துச் சான்றிட்ட நகல் பெறுங்கள். மூலத்தை லேமினேட் செய்யாதீர்கள். கையெழுத்தையும் முத்திரையையும் நிபுணர் பரிசோதிப்பது பிறகு கடினம். மலையாளம் வாசிக்கத் தெரிந்த முதியவர் வீட்டில் இருந்தால், நான்கெல்லையை அவரைப் படிக்கச் சொல்லித் தமிழில் எழுதி, நிலத்தில் நின்றே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.