டுரோசோபிலா: பழ ஈயா, கொசுவா?

பாலைப்பழக் காலத்தில் வன்னிக் காட்டோர வீடுகளுக்குப் பெட்டி பெட்டியாகப் பழம் வரும். கசங்கியதைக் குசினி மூலையில் இரண்டு நாள் மறந்துவிட்டால் போதும், மூடியைத் திறந்ததும் பொடிப் பூச்சிகள் முகத்தில் அடிக்கும். "கொசு மொய்க்குது, கொண்டுபோய்க் கொட்டு" என்பார் அம்மம்மா. எங்களுக்குக் கடிப்பது நுளம்பு, பழத்தில் மொய்ப்பது கொசு. தமிழ்நாட்டு வாசகர்கள் குழம்ப வேண்டாம்.

அந்தக் கொசுதான் உயர்தர உயிரியல் வகுப்பில் 'டுரோசோபிலா' ஆகிறது. கிரேக்கத்தில் டுரோசோஸ் என்றால் பனித்துளி, பிலோஸ் என்றால் விரும்புவது. பனிவிரும்பி! 1823இல் ஃபாலன் என்ற சுவீடன்காரர் வைத்த பேர். அழகுதான். ஆனால் பூச்சி தேடுவது பனியையல்ல, அழுகும் பழத்தில் வளரும் மதுவத்தை (ஈஸ்ட்). ஆய்வுகூடங்களில் வளர்க்கும் இனத்துக்கு 'மெலனோகாஸ்டர்' என்று பின்னொட்டு: கருவயிறு. 1910இல் அமெரிக்க உயிரியலாளர் மோர்கன் வெள்ளைக் கண் ஈயைக் கண்டது இந்த இனத்தில்தான்.

பெண் பூச்சி கண்ட இடத்தில் முட்டையிடாது. காலாலும் வாயாலும் பழத்தைச் சுவைத்துப் பார்த்து, வால்முனையால் குத்திப் பார்த்துத்தான் இடும். முட்டை அரை மில்லிமீற்றர் நீளம், வெள்ளை, மூச்சுக்கு இரண்டு மெல்லிய நார்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இந்தத் தெரிவில் பரம்பரையலகுக்கும் (தமிழ்நாட்டில் மரபணு) பங்குண்டு. சீஷெல்ஸ் தீவுகளின் டுரோசோபிலா செகெல்லியா என்ற இனம் நோனிப் பழத்தைத் தேடிப்போய் முட்டையிடுகிறது. எங்கள் மஞ்சவண்ணாவுக்குச் சொந்தக்கார மரம் அது. அதன் பழத்திலுள்ள அமிலங்கள் மற்றக் கொசுக்களுக்கு நஞ்சு. கால் மயிர்களில் சுவையறிய உதவும் இரண்டு பரம்பரையலகுகளை மெலனோகாஸ்டரில் மாற்றிப் பார்த்தபோது, முட்டையிட அது தேடும் இடமும் மாறியது.

சரி, தமிழில் என்ன சொல்வது? பாடநூல் 'பழ ஈ' என்கிறது. எனக்கு அதில் ஒரு மனக்குறை. பாகற்காயைத் துளைத்து முட்டையிட்டு, உள்ளே புழு நெளியவைக்கும் பெரிய ஈயையும் தோட்டக்காரர் பழ ஈ என்றுதான் சொல்வார்கள். அது வேறு குடும்பம், நல்ல காயையே கெடுப்பது. டுரோசோபிலா பெரும்பாலும் கெட்டதில்தான் குடியேறும். ஆகவே 'பழக்கொசு' என்பதே என் தெரிவு. பரீட்சைத்தாளில் மட்டும் 'பழ ஈ' என்றே எழுதுங்கள், இல்லாவிட்டால் புள்ளி போய்விடும்.