வீடியோ முடிந்தது, பாடம் ஏறியதா?

பாடம் நடத்துபவர் அழகாகப் பேசுகிறார். படங்கள் தெளிவாக இருக்கின்றன. இருபது நிமிடமும் தலையாட்டிக்கொண்டே பார்த்து முடிக்கிறோம், எல்லாம் புரிந்துவிட்டது. மறுநாள் யாராவது "நேற்று என்ன படித்தாய், எனக்கும் சொல்லேன்" என்று கேட்டால் இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேச்சு வரவில்லை. இணையவழியில் படிக்கிற பலருக்கும் இது நடந்திருக்கும். இதைத் தங்கள் மூளையின் குறை என்று நினைத்துப் படிப்பையே விட்டுவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். மூளை தன் வழக்கப்படிதான் வேலை செய்திருக்கிறது. அந்த வழக்கம் தெரியாமல் பாடத்தை அமைத்ததும் பார்த்ததும்தான் சிக்கல்.

2006-ல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக்கி என்ற உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். கையில் ஒரு சிறிய அறிவியல் பகுதி. ஒரு குழு அதை நான்கு சுற்றும் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு முதல் சுற்றில் மட்டும் படித்தது. மற்ற மூன்று சுற்றிலும், தாளைப் பார்க்காமல், நினைவில் இருந்ததை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முன்னால் நின்றார்கள். அவர்களுக்கு 83 சதவீதம் நினைவிருந்தது, மற்றவர்களுக்கு 71. ஒரு வாரம் போனதும் நிலைமை தலைகீழ். படித்துக்கொண்டே இருந்தவர்களிடம் 40 சதவீதம்தான் மிச்சம், எழுதிப் பார்த்தவர்களிடம் 61.

இந்தச் சோதனையில் இன்னொரு விஷயம் உண்டு, என்னை அதிகம் யோசிக்கவைத்தது அதுதான். ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும் என்று மாணவர்களிடமே முன்கூட்டிக் கேட்டார்கள். அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னவர்கள், நான்கு சுற்றும் படித்த குழுவினர்! அதாவது, அதிகம் மறக்கப்போகிறவர்களுக்குத்தான் நன்றாகக் கற்றுக்கொண்டோம் என்ற நினைப்பு கூடுதலாக இருந்தது.

ஏன் இப்படி? ஒரு பகுதியை மூன்றாம் தடவை படிக்கும்போது கண் வழுக்கிக்கொண்டு போகிறது. வார்த்தைகள் பழகிவிட்டன. அந்தப் பழக்கத்தை மனம் "தெரியும்" என்று எடுத்துக்கொள்கிறது. ஆனால் பார்த்ததும் அடையாளம் தெரிவது வேறு, எதிரில் எதுவும் இல்லாதபோது உள்ளிருந்து எடுத்துச் சொல்வது வேறு. நினைவை ஒற்றையடிப் பாதையோடு ஒப்பிடலாம். நடக்க நடக்கத்தான் தடம் விழும். தாளை மூடிவைத்துத் தட்டுத்தடுமாறி நினைவுபடுத்தும் ஒவ்வொரு முறையும் நாம் அந்தத் தடத்தில் ஒரு நடை நடக்கிறோம். திரும்பப் படிப்பது, தூரத்தில் நின்று அந்தப் பாதையைப் பார்ப்பது மாதிரி. ஊர் தெரிகிறது, போகத் தெரிவதில்லை.

இப்போது புத்தகத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வீடியோவை வைத்துப் பாருங்கள். பிரச்சினை இன்னும் கூடுகிறது. புத்தகத்தில் புரியாத வரியில் கண் தானாக நின்றுவிடும். வீடியோ நமக்காக நிற்பதில்லை. மனத்தால் ஒரே நேரத்தில் சில விஷயங்களைத்தான் கையில் பிடித்துக்கொள்ள முடியும். முதல் செய்தியை உள்வாங்கி முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிட்டால் முதலாவது கீழே விழுந்துவிடும். 2001-ல் ரிச்சர்ட் மேயரும் பால் சாண்ட்லரும் மின்னல் எப்படி உண்டாகிறது என்று விளக்கும் ஒரு சிறிய அசைபடத்தை 16 துண்டுகளாக்கினார்கள். ஒவ்வொரு துண்டும் முடிந்ததும் நின்றுவிடும், மாணவர் பொத்தானை அழுத்தினால்தான் அடுத்தது வரும். ஒரே மூச்சில் பார்த்தவர்களைவிட, இப்படி நின்று நின்று பார்த்தவர்கள் தாங்கள் புரிந்துகொண்டதைப் புதிய கேள்விகளுக்குப் பயன்படுத்துவதில் நன்றாகச் செய்தார்கள். பாடத்தின் சொற்களில் ஒன்றைக்கூட மாற்றவில்லை, கூடுதலாகக் கிடைத்ததெல்லாம் மூச்சுவிடும் இடைவெளி.

சரி, நின்று பார்த்தாலும் மனம் அங்கே இருக்க வேண்டுமே! கண் திரையில் இருக்கும், மனம் வேறெங்கோ மேய்ந்துகொண்டிருக்கும். இதையும் அளந்திருக்கிறார்கள். கார்ல் ஸ்புனர், நோவால் கான், டேனியல் ஷாக்டர் மூவரும் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், புள்ளியியல் பாட வீடியோ ஒன்று, 21 நிமிடம், நான்கு பகுதிகளாகக் காட்டப்பட்டது. ஒரு குழுவுக்கு ஒவ்வொரு பகுதிக்குப் பிறகும் பாடத்திலிருந்து சின்னச் சின்னக் கேள்விகள். மற்றவர்களுக்கு அந்தக் கேள்விகள் இல்லை. கேள்வி இல்லாத குழுவில் மனம் அலைவது ஏறக்குறைய 40 சதவீதம். கேள்வி கேட்கப்பட்ட குழுவில் அது பாதியாகக் குறைந்தது. அவர்கள் அதிகக் குறிப்பும் எடுத்தார்கள், கடைசித் தேர்வைப் பற்றிய பதற்றமும் அவர்களுக்குக் குறைவாக இருந்தது. கேள்வி கேட்டால் மாணவர் பயந்துவிடுவார் என்று நினைக்கிற ஆசிரியர்கள் இந்தக் கடைசி விவரத்தைக் கவனிக்க வேண்டும். மதிப்பெண் இல்லாத சின்னக் கேள்வி ஒரு கைத்தாங்கல் மாதிரி. எங்கே நிற்கிறோம் என்று அது காட்டிக்கொடுக்கிறது.

இணையவழிப் பாடம் தயாரிக்கிறவர்கள் "ஆறு நிமிடம்" என்று ஓர் எண்ணை அடிக்கடி சொல்வார்கள். அது 2014-ல் வந்த ஓர் ஆய்விலிருந்து வந்தது. எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தின் நான்கு பாடங்களில், 69 லட்சம் தடவை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை அலசியபோது, வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் பார்வை நேரத்தின் இடைநிலை அளவு (வரிசையாக அடுக்கினால் நடுவில் வரும் அளவு) ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. பயனுள்ள தகவல்தான். ஆனால் அது அளந்தது எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதை மட்டும். எவ்வளவு கற்றார்கள் என்பதை அல்ல. எல்லா வீடியோவையும் ஆறு நிமிடமாக வெட்டிவிட்டால் கற்றல் தானாக நடந்துவிடும் என்று எடுத்துக்கொள்வது தவறு. வெட்டிய இடத்தில் மாணவர் என்ன செய்கிறார் என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்விக்கு நேரடியாக ஒரு பதிலும் இருக்கிறது. கென்னத் கோடிங்கரும் அவருடைய குழுவினரும் உளவியல் அறிமுகப் பாடம் ஒன்றை இணையத்தில் படித்தவர்களின் தரவுகளை எடுத்துக்கொண்டார்கள். வீடியோ பார்ப்பது, பக்கங்களை வாசிப்பது, பயிற்சிகளைச் செய்து உடனே சரியா தவறா என்று தெரிந்துகொள்வது, இந்த மூன்றும் தேர்வு மதிப்பெண்ணோடு எவ்வளவு தொடர்பு கொண்டிருக்கின்றன என்று பார்த்தார்கள். 2015-ல் வெளியான முடிவின்படி, வீடியோ பார்ப்பதோடும் வாசிப்பதோடும் ஒப்பிட்டால், பயிற்சி செய்வதன் தொடர்பு சுமார் ஆறு மடங்கு வலுவானது. ஆனாலும் இன்றைக்கும் இணையவழிப் பாடங்களில் பெரும் உழைப்பும் பணமும் வீடியோவுக்கே போகிறது. நல்ல பயிற்சிக் கேள்வி எழுதுவது கடினம், வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் கண்ணில் படாத வேலை. அதனால்தான் அது கடைசிக்குத் தள்ளப்படுகிறது என்று நினைக்கிறேன்.

வகுப்பறை நல்லதா, இணையம் நல்லதா என்ற பழைய சண்டையும் இங்கே அடங்கிவிடுகிறது. கல்வி ஆய்வாளர் ரிச்சர்ட் கிளார்க் 1983-லேயே இதற்கு ஓர் உவமை சொன்னார்: மளிகைச் சாமான் கொண்டுவரும் லாரி எப்படி நம் உடம்புக்குச் சத்தைக் கூட்டாதோ, அப்படித்தான் பாடத்தைக் கொண்டுவரும் ஊடகமும். ராபர்ட் பெர்னார்டின் குழு 2004-ல் நூற்றுக்கணக்கான ஒப்பீடுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தொலைநிலைக் கல்விக்கும் வகுப்பறைக்கும் சராசரி வித்தியாசம் பூஜ்யத்தை ஒட்டியே இருந்தது. ஆனால் அந்தச் சராசரிக்குள் மிக நல்ல தொலைநிலைப் பாடங்களும் மிக மோசமானவையும் கலந்து கிடந்தன.

அப்புறம், பாதியில் விட்டுப் போவது. ஹார்வர்டும் எம்ஐடியும் எட்எக்ஸில் நடத்திய திறந்த பாடங்களில், 2017-18-ல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் 100-க்குச் சுமார் 3 பேர். எல்லாரும் முடிப்பதற்காகச் சேர்வதில்லை என்பது உண்மைதான், எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. ஆனால் முடிக்க ஆசைப்பட்டும் தனியாக நின்று தளர்ந்துபோகிறவர்களும் அதில் இருக்கிறார்கள். எப்போது படிப்பேன், எங்கே உட்கார்ந்து படிப்பேன் என்று ஆரம்பத்திலேயே திட்டம் எழுதவைத்தால் உதவுமா? சுமார் 250 பாடங்களில் இதைச் சோதித்துப் பார்த்து 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். முதல் சில வாரங்கள் ஈடுபாடு கூடியது. ஆனால் முடிப்பவர்களின் எண்ணிக்கை கூடவில்லை. ஒரு முறை கொடுக்கும் தள்ளு கடைசிவரை வராது போலும்.

தொலைநிலைக் கல்வி ஆய்வாளர் மைக்கேல் மூர் 1970-களிலிருந்து சொல்லிவந்த கருத்து இந்த இடத்தில் உதவுகிறது. தொலைநிலைக் கல்வியில் தொலைவு என்பது மைல் கணக்கு இல்லை, ஆசிரியருக்கும் மாணவருக்கும் நடுவே மனத்தளவில் விழும் இடைவெளி என்றார் அவர். உரையாடல் குறையக் குறைய அது அகலமாகும். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மாணவர்கூட ஒரு வார்த்தை பேச வாய்ப்பில்லாவிட்டால் தொலைவில்தான் இருக்கிறார்.

1840-ல் பிரிட்டனில் ஐசக் பிட்மன் தபால் வழியே சுருக்கெழுத்து கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். அந்த ஆண்டுதான் அங்கே ஒரு பென்னி தபால் கட்டணம் வந்திருந்தது. மாணவர்கள் ஒரு பகுதியைத் தங்கள் கையால் சுருக்கெழுத்தில் எழுதி அனுப்புவார்கள். சில நாள் கழித்து, பிழைகள் திருத்தப்பட்டு, அது அவர்களிடம் திரும்பி வரும்.