இன்வெர்ட்டருக்கு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை

"இன்வெர்ட்டருக்குத் தண்ணி ஊத்தியாச்சா?" என்ற கேள்வி பல வீடுகளில் மாதத்துக்கு ஒரு முறையாவது எழும். 2012-ஐ ஒட்டிய மின்வெட்டு ஆண்டுகளில் வாங்கி, மாடிப்படிக்கு அடியில் வைத்த பெட்டி அது. உண்மையில் இன்வெர்ட்டருக்கு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. ஊற்றினால் அன்றோடு அது தீர்ந்தது. தண்ணீர் போவது பக்கத்தில் இருக்கும் பேட்டரிக்கு. இரண்டு பொருளையும் ஒரே பெயரில் சொல்லிப் பழகிவிட்டோம். வீட்டில் இதனால் பெரிய நஷ்டம் இல்லை. கரண்ட் கம்பி எட்டாத இடத்தில் நாலு நாள் தங்கும்போதுதான் இந்தப் பெயர்க் குழப்பம் கையைக் கடிக்கிறது.

பங்குனியில் ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் வாலிநோக்கம் பக்கம், உறவினர் ஒருவரின் பனங்காட்டில், காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற டிரெய்லரை நிறுத்தித் தங்கினோம். உள்ளே 12 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்று. 1000 வாட் இன்வெர்ட்டர் ஒன்று. பெட்டியின் மேலேயே "1000" என்று எழுதியிருந்ததால், அவ்வளவு மின்சாரம் அதற்குள் இருப்பதாகவே எடுத்துக்கொண்டேன். இரவு முழுக்க மேசை விசிறி ஓடியது. போன்கள், மடிக்கணினி எல்லாம் சார்ஜில் கிடந்தன. காலையில் சட்னிக்கு மிக்சியைத் திருகினால் அரைச் சுற்று சுற்றி நின்றுவிட்டது. இன்வெர்ட்டர் விடாமல் கத்தியது.

கடலுக்குப் போய்த் திரும்பிய ஒருவர் சத்தம் கேட்டு வந்து எட்டிப் பார்த்தார். "இன்வெர்ட்டர்ல சார்ஜ் தீர்ந்துபோச்சுண்ணே" என்றேன். "அதுல என்னைக்குத் தம்பி சார்ஜ் இருந்துச்சு? பேட்டரியிலல்ல இருக்கும்" என்றார். அவர் படகிலும் 12 வோல்ட் பேட்டரிதான். ஜிபிஎஸ், வயர்லெஸ், எல்இடி விளக்கு எல்லாம் அதிலிருந்து நேராக ஓடுகின்றன. "எங்களுக்கு இன்வெர்ட்டரே தேவைப்படல" என்று அவர் சொன்ன பிறகுதான் இந்தச் சொல்லின் வேரைத் தேடிப் போனேன்.

லத்தீனில் 'வெர்த்தெரே' என்றால் திருப்புதல். அதோடு 'இன்' சேர்ந்து 'இன்வெர்த்தெரே' ஆனால் தலைகீழாகத் திருப்புதல், புரட்டுதல். அதிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது 'இன்வெர்ட்'. எதை இங்கே தலைகீழாக்குகிறார்கள்? கரண்ட் கம்பியில் வருவது திசை மாறி மாறி ஓடும் மாறுதிசை மின்னோட்டம். பேட்டரி தருவது ஒரே திசையில் ஓடும் நேர்திசை மின்னோட்டம். மாறுதிசையை நேர்திசையாக்கும் கருவி முன்பே இருந்தது. அதன் பெயர் ரெக்டிஃபையர். நம் பள்ளிப் புத்தகங்களில் அலைதிருத்தி. அந்த வேலையையே எதிர்ப்பக்கமாகச் செய்து, நேர்திசை மின்னோட்டத்தை மாறுதிசையாக்கினால் அது தலைகீழான அலைதிருத்தி. டேவிட் பிரின்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1925-இல் எழுதிய ஒரு கட்டுரைக்கு 'இன்வெர்ட்டர்' என்றே தலைப்பு வைத்தார். ஆக, சேமித்து வைப்பது என்ற பொருள் இந்தச் சொல்லில் எந்த இடத்திலும் இல்லை. வந்ததைத் திருப்பி அனுப்புவது, அவ்வளவுதான். வீட்டில் இருக்கும் பெட்டிக்குள் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் அலைதிருத்தியும் சேர்ந்தே இருப்பதால், எல்லா வேலையையும் அதுவே செய்வது போலத் தோன்றிவிட்டது.

பேட்டரி என்ற சொல்லுக்கு வேறு பிறப்பு. பிரெஞ்சில் 'அடித்தல்' என்ற வினையிலிருந்து வந்து, வரிசையாக நிறுத்திய பீரங்கிகளைக் குறித்தது. மின்சாரத்தைத் தேக்கும் கண்ணாடிக் கலங்களை வரிசையாக இணைத்தபோது பெஞ்சமின் ஃபிராங்க்ளின் அந்தச் சொல்லை அவற்றுக்கு எடுத்துக்கொண்டார். தமிழில் ஒற்றை அறை மின்கலம். பல சேர்ந்தால் மின்கல அடுக்கு. நாம் ஆறு மூடி திறந்து தண்ணீர் ஊற்றுகிறோமே, அந்த ஆறும் ஆறு மின்கலங்கள், ஒவ்வொன்றும் சுமார் 2 வோல்ட். கலம் என்றால் பாத்திரம்; கடற்கரைக்காரருக்கு மரக்கலமும் கலம்தான். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் உயிரணுவுக்கும் கலம் என்றே பெயர். கொள்வது எதுவோ அது கலம். இந்தப் பெயரைப் புழங்கியிருந்தால் மின்சாரம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்ற சந்தேகமே வந்திருக்காது.

இன்வெர்ட்டருக்குத் தமிழ் என்ன? மின்மாற்றி என்று சிலர் எழுதுகிறார்கள். அது தெருமுனையில் நிற்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கு ஊன்றிப்போன பெயர், இங்கே கொண்டு வந்தால் குழப்பம் கூடும். வேர்ப்பொருளை அப்படியே எடுத்தால் புரட்டி. ஆனால் புரட்டு என்பது நம் பேச்சில் பொய்யும் பித்தலாட்டமும் ஆகிவிட்டது. விற்கிற பொருளுக்கு அந்தப் பெயரை எந்தக் கடைக்காரரும் ஏற்கமாட்டார். எனக்குப் பிடித்தது நேர்மாற்றி. நேர்மாறாக்குவது என்று படித்தால் லத்தீன் வேருக்குப் பொருந்துகிறது. நேர் மின்னோட்டத்தை மாற்றுவது என்று படித்தால் கருவியின் வேலையையே சொல்லிவிடுகிறது. ஒரே சொல்லில் இரண்டும் அமைவது அபூர்வம். இலங்கையில் நேர்திசை மின்னோட்டத்தை நேரோட்டம் என்றும் மாறுதிசையை ஆடலோட்டம் என்றும் சொல்வார்கள். நீரோட்டம் பார்த்துக் கடலுக்குப் போகிறவர்களுக்கு இந்த 'ஓட்டம்' அந்நியமாகப் படாது என்றே நினைக்கிறேன். நேர்மாற்றி நேரோட்டத்தை ஆடலோட்டமாக்குகிறது என்று சொன்னால் விளக்கவுரையே வேண்டாம்.

கடையில் 'சைன் வேவ் இன்வெர்ட்டர்' என்று கேட்டு வாங்கச் சொல்வார்கள். இந்த சைனுக்கு ஒரு சுவையான கதை உண்டு. வடமொழிக் கணிதத்தில் ஜ்யா, ஜீவா என்றால் வில்லின் நாண். அரபியர் அதை ஒலிபெயர்த்து எழுதினார்கள். அரபியில் உயிர்க்குறி இல்லாமல் எழுதும் வழக்கத்தால் பின்னால் வந்தவர்கள் அதை 'ஜைப்', அதாவது மடிப்பு என்று படித்தார்கள். லத்தீனில் மொழிபெயர்த்தவர்கள் 'சைனஸ்' என்றார்கள். அந்தச் சொல்லுக்கு மடிப்பு, வளைவு, வளைகுடா என்றெல்லாம் பொருள். நாணில் புறப்பட்ட சொல் வளைகுடாவில் போய் நின்றிருக்கிறது. வில்லின் முனை என்று பொருள்படும் தனுஷ்கோடியும் மன்னார் வளைகுடாவும் உள்ள கரையில் இருந்துகொண்டு இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. சரி, நடைமுறைக்கு வருவோம்: இன்வெர்ட்டர் தரும் மின்சாரத்தின் அலை சீரான வளைவாக இல்லாமல் படிப்படியாக வெட்டி வந்தால் விசிறி, மிக்சி போன்ற மோட்டார்கள் முனகும், சூடாகும். சைன் அலை கேட்பது அதனால்தான்.

இப்போது அந்தப் பனங்காட்டுக் கணக்கு. 12-ஐ 100-ஆல் பெருக்கினால் 1200 வாட்-அவர், அதாவது 1200 வாட் பொருளை ஒரு மணி நேரம் ஓட்டும் இருப்பு. ஈய-அமில பேட்டரி நீடித்து உழைக்க அதில் பாதியோடு நிறுத்திக்கொள்வது நல்லது, மிஞ்சுவது 600. நேர்மாற்றி திருப்பும்போது பத்தில் ஒரு பங்குக்கு மேலும் வெப்பமாகப் போகலாம். பெட்டியில் எழுதியிருக்கும் 1000 வாட், ஒரே சமயத்தில் எவ்வளவு இழுக்கலாம் என்பதற்கான வரம்பு, இருப்புக் கணக்கு அல்ல. 50 வாட் விசிறி எட்டு மணி நேரம் ஓடினால் 400 வாட்-அவர் தீரும். 500 வாட் மிக்சி ஐந்து நிமிடம் ஓடினால் 42 தான். ஆனால் அந்த ஐந்து நிமிடமும் பேட்டரியிலிருந்து 40 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஏற்கெனவே தளர்ந்த பேட்டரியின் வோல்ட் அப்போது சரியும், நேர்மாற்றி தன்னை நிறுத்திக்கொள்ளும். இரவெல்லாம் இருப்பைத் தின்றது விசிறி, பழி விழுந்தது மிக்சியின் மேல்.

எதையும் இணைக்காமல் சும்மா ஆன் செய்து வைத்தாலும் நேர்மாற்றி 10 வாட் போல எடுத்துக்கொள்ளும். ஒரு நாளைக்கு 240 வாட்-அவர். போன் சார்ஜுக்கு அதைப் பயன்படுத்துவது வீண் சுற்று. 12 வோல்ட்டை 230 ஆக்கி, அடாப்டர் அதை மறுபடி 5 ஆக்குகிறது. காரில் செருகும் யூஎஸ்பி சார்ஜர் போதும். விசிறியையும் 12 வோல்ட்டில் ஓடுவதாக வாங்கினால் 20 வாட் அளவில் முடிந்துவிடும். படகுக்காரர் செய்வதும் இதுதான். திருப்ப வேண்டியதை மட்டும் திருப்பினால் பேட்டரி இரண்டு இரவு தாங்கும். உப்புக் காற்றில் பேட்டரி முனைகள் சீக்கிரம் பூத்துப்போகும், துடைத்து வாஸ்லைன் தடவி வைக்க வேண்டும்.

இந்தச் சொல் இன்னோர் இடத்திலும் மாட்டிவிடுகிறது. "இன்வெர்ட்டர் ஏசின்னா இன்வெர்ட்டர்ல ஓடுமா?" என்று கடைகளில் கேட்பது சகஜம். அந்த ஏசிக்குள் ஒரு நேர்மாற்றி இருக்கிறது என்பதே பெயரின் பொருள். வந்த மின்சாரத்தை நேர்திசையாக்கி, பிறகு வேண்டிய வேகத்துக்கு மாறுதிசையாக்கி கம்ப்ரசரைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டுகிறது. டிரெய்லரில் மாட்டினால், அது 1000 வாட் இழுக்கும் நேரத்தில் அந்த 600 வாட்-அவர் அரை மணியில் தீர்ந்துவிடும்.