எல்லாரும் சரின்னாங்க சார்

கான்கிரீட் இறுகும்வரை அடியில் தாங்கி நிற்கும் முட்டுகளை அவசரப்பட்டுப் பிரித்த தளம், இந்த வருடத்தில் இது மூன்றாவது. ஐந்து மீட்டர் அகலத் தளம், கான்கிரீட் போட்டு ஐந்தாம் நாள், அடியில் முட்டு ஒன்றுகூட இல்லை. நூல் பிடித்து அளந்தேன். நடுவில் கட்டைவிரல் அகலத்துக்கு இறங்கியிருந்தது. கீழே யாரும் இல்லாமல் போனது அதிர்ஷ்டம்.

(ஐந்து நாளில் ஏன் பிரிக்கக் கூடாது என்று இங்கே விளக்கப் போவதில்லை. தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் முட்டில் கை வைக்காதீர்கள்.)

பதிவேட்டில் ஒப்புதல் கையெழுத்து, இரண்டு வருட அனுபவமுள்ள ஓர் இன்ஜினியர் தம்பியுடையது.

"ஐந்து நாள் போதாதுன்னு தெரியாதா?"

"தெரியும் சார். எல்லாரும் சரின்னாங்க."

அந்த 'எல்லாரும்' யார் என்று ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். அன்று நின்றவர்கள் ஏழு பேர். மேஸ்திரிக்கு மனம் ஒப்பவில்லை. இன்ஜினியரே சும்மா நிற்கிறார், நமக்கென்ன என்று இருந்துவிட்டார். பலகையும் முட்டும் அடிக்கும் சென்ட்ரிங் ஆள் மேஸ்திரியின் முகத்தைப் பார்த்திருக்கிறார். தம்பி இவர்கள் இருவரையும் பார்த்திருக்கிறார். உண்மையில் பிரிக்கலாம் என்று நினைத்தது இரண்டே பேர்: முட்டு வேறு தளத்துக்குத் தேவைப்பட்ட காண்ட்ராக்டர், அவசரத்திலிருந்த உரிமையாளர். மற்ற ஐந்து பேரும் ஒருவர் மௌனத்தை இன்னொருவர் சம்மதமாக எடுத்துக்கொண்டவர்கள்.

இந்த இடத்தில்தான் எனக்கு எரிச்சல் வரும் வசனம் வரும்: "நான் ஒருத்தன் சொல்லி என்ன சார் ஆகப்போகுது?"

நிறைய ஆகும். 1950களின் தொடக்கத்தில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். முதலில் ஒரு கோட்டைக் காட்டி, வேறு மூன்று கோடுகளில் எது அதே நீளம் என்று சொல்ல வேண்டும்; குழந்தையும் சொல்லும். ஆனால் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் அவர் ஏற்பாடு செய்த ஆட்கள். சொல்லிவைத்தாற்போல் தவறான கோட்டைக் காட்டினார்கள். சோதனைக்கு வந்தவர்களின் பதில்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று அந்தக் கும்பலோடு போனது. பிறகு கூட்டத்தில் ஒரே ஒருவரை மட்டும் சரியான பதில் சொல்லவைத்தார். தவறு கால்வாசியாகக் குறைந்தது. இதைவிட வேடிக்கை, மாற்றிச் சொன்ன அந்த ஒருவர் சொன்னதும் தவறாக இருந்தபோதுகூடக் கும்பலின் பிடி தளர்ந்தது. ஆக, நீங்கள் வாதத்தில் ஜெயிக்க வேண்டியதே இல்லை. "எனக்கு உடன்பாடில்லை" என்று ஒரு குரல் காதில் விழுந்தால், மேஸ்திரிக்கும் வாய் திறக்கும்.

எப்போதும் பலிக்குமா? பலிக்காது, பொய் சொல்ல மாட்டேன். 1986 ஜனவரி 27 இரவு, இந்தக் குளிரில் சேலஞ்சர் விண்வெளி ஓடத்தை ஏவாதீர்கள் என்று, அதன் ராக்கெட்டைச் செய்த அமெரிக்க நிறுவனத்தின் பொறியாளர்கள் மன்றாடினார்கள். நிர்வாகம் கேட்கவில்லை. அந்த நிறுவனத்தின் பொறியாளர் ஆலன் மெக்டொனால்ட் ஒப்புதலில் கையெழுத்திட மறுத்தார். மேலதிகாரி ஒருவர் போட்டார். மறுநாள் கிளம்பிய 73 விநாடியில் ஓடம் வானில் சிதறியது; உள்ளே இருந்த ஏழு பேரும் இறந்தார்கள். விசாரணையில் உண்மையைச் சொன்னதற்காக மெக்டொனால்டைப் பதவியில் இறக்கினார்கள். நாடாளுமன்ற உறுப்பினர்கள் தலையிட்ட பிறகு, அந்த ராக்கெட்டைத் திருத்தி அமைக்கும் பொறுப்பே அவரிடம் வந்தது.

தயவுசெய்து, தம்பிகளே, தங்கைகளே: நான்கு பேர் பேசி முடிக்கும்வரை காத்திருக்காதீர்கள், முதலில் பேசுங்கள். ஐந்தாவதாகப் பேசுவது பத்து மடங்கு கஷ்டம். சண்டை வேண்டாம், "கியூப் ரிசல்ட் (கான்கிரீட்டின் வலிமைச் சோதனை முடிவு) எங்கே?" என்று கேட்டாலே பாதி வேலை முடிந்தது. வாயால் சொன்னதை அன்றே எழுத்தில் அனுப்புங்கள். மனம் ஒப்பாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், "சும்மா ஃபார்மாலிட்டி" என்றால் இன்னும் போடாதீர்கள். மேலதிகாரிகளே, நீங்கள் கடைசியில் பேசுங்கள். முதலில் நீங்கள் முடிவைச் சொல்லிவிட்டு "யாருக்காவது ஆட்சேபமா?" என்று கேட்பது கேள்வியே அல்ல.

நேற்று அந்தத் தம்பி கூப்பிட்டார். அடுத்த தளம், எட்டாம் நாள். "முட்டு அப்படியே நிக்குது சார். காண்ட்ராக்டர்தான் என்கூடப் பேசறதில்ல."